பாலைப் பாறையைக் கணினி எவ்வாறு செதுக்குகிறது?

காடு போர்த்திய மலையைக் கணினியில் உருவாக்குவோருக்கு மரங்கள் பெரிய துணை. நிலத்தின் வடிவில் நேர்ந்த பிழைகளை இலைகள் மறைத்துவிடும். பாலைநிலப் பாறைக்கு அந்தப் போர்வை இல்லை. எந்த அடுக்கு கெட்டி, எது மென்மை, எங்கே விரிசல் விட்டது, எங்கே சரிந்தது என்பதெல்லாம் வெட்டவெளியில் தெரிவதால், அது அரிக்கப்பட்ட முறையையே கணக்காக எழுத வேண்டியிருக்கிறது.

தொடக்கம் பெரும்பாலும் ‘நாய்ஸ்’ எனப்படும் ஒழுங்கற்ற எண்களின் பரப்புதான். கணினி வரைகலை ஆய்வாளர் கென் பெர்லின் 1983இல் உருவாக்கி 1985இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட முறையில், ஒரு கட்டத்தின் முனை ஒவ்வொன்றிலும் தற்போக்கான திசையில் ஒரு சாய்வு வைக்கப்படுகிறது. இடைப்பட்ட இடங்களின் மதிப்புகள் அச்சாய்வுகளிலிருந்து சீராகக் கணிக்கப்படுகின்றன. கிடைக்கும் மேடு பள்ளங்களின் மீது அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கிய இன்னொரு பரப்பு, அதன் மீது அதிலும் பாதி என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். ஒரு கிலோமீட்டர் அகலமும் 100 மீட்டர் உயரமும் கொண்ட மேட்டில் தொடங்கினால், பத்து முறை பாதியாக்கியதும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் உயரமும் உள்ள முண்டுகளுக்கு வந்துவிடலாம்.

ஆனால் இவ்வாறு பிறப்பது எங்கும் இருக்கக்கூடிய ஒரு மலைத்தொடரே. அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா எல்லையில் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்திலுள்ள மானுமெண்ட் வேலியின் குன்றுகளை எண்ணிப் பாருங்கள். அடியில் எளிதில் கரையும் களிப்பாறை சாய்வான பாவாடைபோல் விரிகிறது. அதற்கு மேல் டி ஷே மணற்பாறை, செங்குத்து விரிசல்களின் வழியே பாளம் பாளமாக உடைந்து சுவராக நிற்கிறது. உச்சியில் கெட்டியான கூழாங்கற்பாறை தொப்பிபோல் மூடிக் காக்கிறது. இதைக் கணினியில் கொண்டுவர, உயரத்திற்கேற்ப மாறும் ஒரு கடினத்தன்மை எண்ணை முதலில் வகுத்து, அடுக்குகள் அளவுகோலால் கோடு கிழித்ததுபோல் தோன்றாதிருக்க அதைச் சற்றே நாய்ஸால் நெளித்துவிட்டு, அரிப்பின் வேகத்தை அந்த எண்ணின்படி நடத்துகிறார்கள். பாறையின் நிறமும் அதே எண்ணிலிருந்து வருவதே முறை என்பது என் உறுதியான கருத்து. வடிவத்தை ஒரு வழியிலும் வண்ணப் பட்டைகளைத் தனி டெக்ஸ்சராகவும், அதாவது பரப்பின் மேல் ஒட்டும் படமாகவும், அமைத்தால், நிறம் மாறும் இடமும் விளிம்பு துருத்தும் இடமும் பொருந்தா. காரணம் சொல்லத் தெரியாதவர் கண்ணுக்கும் அந்தப் பொய் உறுத்தும்.

உடைந்து விழுந்தவற்றுக்கும் கணக்கு உண்டு. உலர்ந்த மணல் ஏறத்தாழ 34 பாகைச் சரிவு வரைதான் குவிந்து நிற்கும். அதைவிடச் செங்குத்தான இடத்தின் பொருளைப் பக்கத்துத் தாழ்ந்த கட்டத்திற்குத் தள்ளுவதை ஆயிரக்கணக்கான முறை திரும்பச் செய்தால் குன்றின் அடியில் சரிவுக் குவியல் தானே உருவாகும். ஓர் இடத்திற்கு ஓர் உயரம் என்று மட்டும் பதியும் நிலப்படத்தில், இயற்கைப் பாறை வளைவும் சுவரின் பக்கவாட்டில் குடைந்த குழிவும் அமையா. அவற்றுக்குப் பரப்பைப் பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டும், அல்லது வெளியைச் சிறு கனசதுரங்களாகப் பகுத்து ஒவ்வொன்றிலும் பாறை உண்டா இல்லையா என்று பதிய வேண்டும்.

இனி ஒளி. சூரியன் வானில் ஏறத்தாழ அரைப் பாகை அகலம் கொண்டது. ஆகவே நேராக விழும் வெயிலில், 100 மீட்டர் தொலைவிலுள்ள பாறையின் நிழல் ஓரம் சுமார் 90 சென்டிமீட்டர் அகலத்திற்கு மங்கிப் பரவும். சூரியனை வெறும் புள்ளியாகக் கொண்டால் அந்த ஓரம் கத்தியால் வெட்டியதுபோலாகி, பெருங்குன்றும் மேசைமேல் வைத்த பொம்மையாகச் சுருங்கிவிடும். அதைவிட முக்கியமானது பாறையிலிருந்து பாறைக்குத் தெறிக்கும் ஒளி. கணினி வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் கஜியா 1986இல் வகுத்த, ஒளியைக் கணித்துப் படமாக்குவதற்கான ‘ரெண்டரிங்’ சமன்பாடு இந்தத் தெறிப்புகள் அனைத்தையும் ஒரே வாய்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இரும்பு ஆக்சைடு கலந்த பாறை சிவப்பில் பாதியையும் நீலத்தில் ஏழில் ஒரு பங்கையும் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். ஒரு தெறிப்பில் சிவப்பு நீலத்தைப் போல் மூன்றரை மடங்காகவும், இரண்டாம் தெறிப்பில் பன்னிரண்டு மடங்காகவும் ஓங்கும். குறுகிய பள்ளத்தாக்கின் உட்சுவர்கள் கனன்று எரிவதுபோல் தோன்றுவது இதனால்தான். நிழலிலும் வானை நோக்கிய பரப்புகளில் நீலம் படியும். துருத்திய பாறையின் அடிப்புறத்திலோ, வெயில் காயும் செந்தரையிலிருந்து எழும் வெளிச்சம் படர்ந்திருக்கும்.