நடை வேகத்தில் 350 கிலோ

தலைவர்களின் கார்களுக்கு முன்னால் செல்லும் போலீஸ் பைக்குகள் சில நேரம் ஆள் நடக்கும் வேகத்தில்தான் உருளும். அப்போதும் ஓட்டுபவரின் கால் தரையைத் தொடாது. "சக்கரம் பம்பரம் மாதிரிச் சுற்றுவதால்தானே வண்டி விழாமல் நிற்கிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஹார்லி-டேவிட்சனின் எலக்ட்ரா கிளைடு போலீஸ் மாடலின் எடை 350 கிலோவுக்கு மேல். நியாயமான சந்தேகம்தான்.

ஆனால் பம்பரம் காரணமில்லை. சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது அந்த விளைவும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எதிர்த் திசையில் சுற்றும் கூடுதல் சக்கரங்களைப் பொருத்தி, பம்பர விளைவே இல்லாத ஒரு சைக்கிளைச் செய்தார்கள். தள்ளிவிட்டால் அது ஆளில்லாமலே நிமிர்ந்து ஓடியது. சைக்கிள் ஏன் விழுவதில்லை என்று ஆராயப் பணம் கேட்டால் பல நிதிக் குழுக்கள் சிரிக்கும். இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் முதலில் பணம் தர வேண்டும் என்பேன்.

சரி, வண்டியை நிமிர்த்துவது எது? அது சாயும் பக்கமே ஹேண்டில் திரும்ப வேண்டும். டயர்கள் அந்தப் பக்கம் நகர்ந்து ஈர்ப்பு மையத்துக்கு அடியில் வந்துவிடும். இங்கேதான் சிக்கல். ஒரே அளவு திருப்பினால் கிடைக்கும் பக்கவாட்டு விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 கி.மீ. வேகத்தில் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான் 6 கி.மீ. வேகத்தில் கிடைக்கும். அதனால்தான் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் இப்படியும் அப்படியும் அலைகிறது.

இனி வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். குறுகிய இடத்தில் யூ-டர்ன் எடுக்கும் காவலரைப் பாருங்கள். ஹேண்டில் கடைசி வரை திரும்பி முட்டி நிற்கிறது. இன்னும் திருப்ப வழியில்லை. அப்படியானால் சாய்வை எதை வைத்துச் சரிசெய்கிறார்? வேகத்தை வைத்து! 3 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போனால் வண்டி சுமார் 10 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். 10 கி.மீ. என்றால் 15 டிகிரி. ஆக, வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்தால் வேகத்தைத் துளி கூட்டினால் போதும், தானே நிமிரும். நிமிர்ந்துவிட்டதா? துளி குறைத்தால் மறுபடி சாயும்.

அந்தத் 'துளி'யை ஆக்சிலரேட்டரால் தர முடியாது. அவ்வளவு மெதுவான வேகத்தில் அதைத் தொட்டாலே வண்டி வெடுக்கென்று குதிக்கும். அதனால் ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, வேகத்தைக் கிளட்சிடம் விட்டுவிடுகிறார்கள். ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்ச் லீவரைப் பாதி மட்டும் விட்ட நிலையில், கிளட்சின் பிளேட்டுகள் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டே விசையைக் கடத்தும். விரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சக்கரத்துக்குப் போகும் விசை மாறும். பின் பிரேக்கின் இழுவை அந்த மாற்றத்தை மென்மையாக்குகிறது.

முன் பிரேக் மட்டும் கூடவே கூடாது. திரும்பியிருக்கும் முன் சக்கரத்தைப் பிடித்தால், பிரேக் விசையின் ஒரு பகுதி டயரை வளைவின் வெளிப்பக்கம் தள்ளும். வேகமும் சட்டென்று விழும். இரண்டும் சேர்ந்து வண்டியை உள்பக்கமாகச் சாய்த்துவிடும். புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்கள் கீழே போடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இப்படி வழுக்கிக்கொண்டே இருந்தால் கிளட்ச் கருகிப்போகாதா என்று கேட்கலாம். ஹார்லி வண்டிகளில் பிளேட்டுகள் எண்ணெயில் நனைந்தே இருப்பதால் சூடு வெளியேறிவிடும். பிஎம்டபிள்யூவின் பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் எஞ்சின்) வண்டிகளில் பல காலம் உலர்ந்த கிளட்ச்தான் இருந்தது. அவற்றில் இந்த வித்தையை நீண்ட நேரம் காட்டினால் கருகும் வாசனை வரும். போலீசாரும் ஆம்புலன்ஸ்காரர்களும் பரவலாக ஓட்டும் பிஎம்டபிள்யூ ஆர்டி வரிசைக்கு எண்ணெயில் நனையும் கிளட்ச் 2014 மாடலில்தான் வந்து சேர்ந்தது.