பாட்டிலில் இருக்கும் 12-ம் 101-ம்: பர்பனையும் சிங்கிள் மால்ட்டையும் ஒப்பிடும் முன்

பாரில் பர்பன் என்ற அமெரிக்க விஸ்கியின் பாட்டிலை வாங்கிப் பார்க்கும் பலரும் முதலில் தேடுவது வயதைத்தான். “ஸ்காட்ச்ல 12, 18னு போட்டிருக்கு. இதுல ஒண்ணுமே இல்ல, விலை மட்டும் அதே விலையா?” ஹோட்டல் பாரில் மதுப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் எனக்கு இது அன்றாடக் கேள்வி. சிங்கிள் மால்ட் ஸ்காட்சின் எண்களை வைத்து பர்பனை எடைபோட முடியாது. இரண்டு பாட்டிலிலும் ஒரே பொருள் தரும் எண் ஆல்கஹால் சதவீதம் மட்டும்தான். இது புரியாததால் காசு வீணாவது ஒரு பக்கம், உடம்புக்கு ஆபத்து வருவது இன்னொரு பக்கம்.

சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் என்றால் முளைகட்டிய பார்லி மட்டுமே, ஒரே டிஸ்டில்லரி, பாட் ஸ்டில் எனும் செம்பு வடிகலத்தில் வடித்தது, ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம். பர்பனுக்கு அமெரிக்கச் சட்டம் கேட்பது வேறு. தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், ஊறவைப்பது உள்புறம் நெருப்பில் கருக்கிய புத்தம் புது ஓக் கலனாக இருக்க வேண்டும். பெரும்பகுதி கென்டக்கி மாநிலத்தில் தயாராகிறது என்றாலும் அமெரிக்காவில் எங்கு வேண்டுமானாலும் வடிக்கலாம்.

வித்தியாசத்தின் வேர் அந்தப் புது மரத்தில் இருக்கிறது. கருக்கிய ஓக்கில் இருந்து வெனிலா, கேரமல், தேங்காய் வாசனைகள் வேகமாக இறங்குகின்றன. கென்டக்கியின் கோடை வெயில் கிடங்கைச் சூடாக்கும்போது சாராயம் மரத்துக்குள் ஏறி இறங்கி இன்னும் வேகமாக ஊறும். ஸ்காட்லாந்தில் குளிர் அதிகம், பீப்பாயும் பெரும்பாலும் ஏற்கெனவே வேறொன்று ஊறிய பீப்பாய். அந்த ‘வேறொன்று’ பல நேரம் பர்பன்தான். அதனால் அங்கே 12 வருடத்தில் மெல்ல நடப்பது கென்டக்கியில் பாதி காலத்துக்குள்ளேயே நடந்துவிடும். அதிக வருடம் வைத்த பர்பன் சிலவற்றில் மரக்கசப்பு முந்திக்கொண்டு நிற்கும். 6 வருட பர்பனை 12 வருட ஸ்காட்சின் பாதி என்று கணக்குப் போட்டால் ஏமாறுவோம்.

வயதே போடாத பர்பனுக்கும் ஒரு சாவி இருக்கிறது. லேபிளில் ‘ஸ்ட்ரெய்ட்’ என்று இருந்தால் குறைந்தது 2 வருடம். 4 வருடத்துக்குக் குறைவான ஸ்ட்ரெய்ட் பர்பனில் வயதைக் கட்டாயம் அச்சிட வேண்டும். ஆகவே ஸ்ட்ரெய்ட் என்று போட்டு வயது போடவில்லை என்றால் அது 4 வருடமாவது ஊறியது. ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ இன்னும் கறாரானது. 1897-ல் வந்த சட்டப்படி ஒரே டிஸ்டில்லரி, ஒரே பருவம், குறைந்தது 4 வருடம், சரியாக 50 சதவீத ஆல்கஹால். விலைக்கு உறுதியான சரக்கு வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான்.

பர்பன்களை ஒன்றோடொன்று ஒப்பிட விரும்பினால் மக்காச்சோளத்துக்கு அடுத்த தானியத்தைப் பாருங்கள். மேக்கர்ஸ் மார்க்கில் அது கோதுமை. முகர்ந்தால் வெல்லப்பாகும் வெனிலாவும், நாக்கில் மிருதுவாக இறங்கும். ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரலில் ரை தானியம் 35 சதவீதம். முதல் மடக்கில் பழ வாசனை, விழுங்கிய பிறகு மிளகும் கிராம்பும் தொண்டையில் நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டு முகர்ந்து பார்த்தால் “பர்பன்னா எல்லாம் ஒரே இனிப்பு” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிங்கிள் மால்ட்டில் தானியம் ஒன்றுதான் என்பதால் வேறுபாடு வேறு இடத்திலிருந்து வருகிறது: பார்லியை உலர்த்த எரிக்கும் பீட் என்ற சதுப்புநிலக் கரியின் புகை, ஸ்டில்லின் வடிவம், பீப்பாயின் பூர்வீகம். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் தயாராகும் லாஃப்ரோய்க் சிங்கிள் மால்ட்டும் பர்பன் பீப்பாயில்தான் ஊறுகிறது, ஆனால் புகையும் மருந்து நெடியும்தான் முன்னால் வரும்.

நிறத்தை நம்பாதீர்கள். ஸ்ட்ரெய்ட் பர்பனில் நிறம் சேர்க்கக் கூடாது. ஸ்காட்சில் சாதாரண கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

இனி நான் மிகவும் கவலைப்படும் எண்: ஆல்கஹாலின் வீரியத்தைச் சொல்லும் ப்ரூஃப். அமெரிக்காவில் அது சதவீதத்தின் இரு மடங்கு. வைல்ட் டர்க்கி 101 என்றால் 50.5 சதவீதம். நம்மூர் பாட்டிலில் இருக்கும் 75 டிகிரி ப்ரூஃப் பழைய பிரிட்டிஷ் அளவு, அது 42.8 சதவீதம். அமெரிக்காவின் 86-ம் நம்மூரின் 75-ம் கிட்டத்தட்ட ஒரே வீரியம்! இந்தக் குழப்பத்தில் பீப்பாயிலிருந்து எடுத்து தண்ணீர் கலந்து வீரியம் குறைக்காத ‘பேரல் ப்ரூஃப்’ அல்லது ‘காஸ்க் ஸ்ட்ரெங்த்’ பாட்டில் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். அவற்றில் 60 சதவீதம் சாதாரணம். 60 சதவீதத்தில் 2 லார்ஜ் அடித்தால், 40 சதவீதத்தில் 3 லார்ஜ் அடித்த ஆல்கஹால் உள்ளே போகிறது. பர்பனின் இனிப்பு வாசனை அந்தக் காரத்தை மறைத்துவிடும். அதனால்தான் எங்கள் பாரில் வேலை செய்யும் பையன்களிடம், ஊற்றும் முன் சதவீதத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தண்ணீர் கலப்பதை யாரும் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டாம்.

“பர்பன் குடிச்சா மறுநாள் தலைவலி” என்பதில் ஓரளவு உண்மை உண்டு. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் வோட்காவை விட பர்பன் குடித்தவர்களுக்கு மறுநாள் அவதி அதிகம் இருந்தது. ஆனால் கவனமும் வேகமும் இரண்டு தரப்புக்கும் ஒரே அளவில் குறைந்திருந்தன. தலை வலிக்கவில்லை என்பதால் காலையில் வண்டி எடுக்கலாம் என்று அர்த்தமில்லை.

அப்புறம், “சுகருக்கு எது நல்லது, ஸ்காட்சா பர்பனா?” இரண்டிலும் சர்க்கரை இல்லை என்றே சொல்லலாம். பர்பனின் இனிப்பு மரம் தரும் வாசனை. ஆனால் ஆபத்து வேறு பக்கத்தில் இருக்கிறது. ஆல்கஹாலைக் கரைக்கும் வேலையில் இருக்கும் கல்லீரல் ரத்தத்துக்குக் குளுக்கோஸ் விடுவதைக் குறைத்துவிடும். இன்சுலினோ சில வகை சுகர் மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் சுகர் சட்டென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழறல், தள்ளாட்டம் எல்லாமே பார்க்க போதை மாதிரியே இருக்கும். மேஜையில் இருப்பவர்கள் “ஓவராயிடுச்சு, தூங்கட்டும்” என்று விட்டுவிடக் கூடாது. நினைவு இருந்தால் உடனே சர்க்கரை கலந்த தண்ணீரோ ஜூஸோ கொடுங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.