கோயிலின் பாதம் தரைக்குள் போகலாமா?

கோயிலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து கோபுரத்தைப் பார்ப்பார்கள். திருப்பணி வேலையில் இருக்கும் பொறியாளரான எனக்கு முதலில் குனிந்து பார்த்துத்தான் பழக்கம். சுவர் தரையைத் தொடும் இடத்தில்தான் ஒரு கோயிலின் உடல்நிலை தெரியும்.

உடல்நிலை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நம் சிற்ப மரபு விமானத்தை, அதாவது கருவறையும் அதன் மேல் எழும் கட்டடமும் சேர்ந்ததை, ஆறு உறுப்புகளாக வகுக்கிறது. அடிப்பீடமான அதிட்டானம் பாதம். அதன் மேல் சுவர், தோள் போலப் பிரஸ்தரம், கழுத்தாகக் கிரீவம், தலையாகச் சிகரம், உச்சியில் ஸ்தூபி. ஒன்றின் உயரம் மற்றதன் உயரத்தோடு கணக்குப் பார்த்து வைக்கப்பட்டது. பாதத்தில் ஒரு அடி மறைந்தாலும் மொத்த உருவமும் குறுகிப்போகும்.

அந்தப் பாதத்தைத்தான் நாம் புதைத்துக்கொண்டிருக்கிறோம். குடமுழுக்குக்கு முன்னால் பிராகாரத்துக்குப் புதுத் தளம் போட யாராவது உபயம் செய்கிறார்கள். மனம் நல்ல மனம்தான். ஆனால் பழைய தளத்தைப் பெயர்க்காமல், அதன் மேலேயே கான்கிரீட் கொட்டி, பளபளக்கும் கிரானைட் பலகை பதித்துவிடுகிறார்கள். அடுத்த திருப்பணியில் அதற்கு மேல் இன்னொரு அடுக்கு. ஒவ்வொரு முறையும் அரை அடி ஏறினால், இரண்டு மூன்று திருப்பணிகளில் அதிட்டானத்தின் கீழ் வரிசையான ஜகதி முழுவதும் தரைக்குள் போய்விடும்.

ஒரு சிற்றூர்ச் சிவன் கோயிலில் சுவரோரமாக இரண்டடி தோண்டிப் பார்த்தோம். சிமெண்ட், அதன் கீழே செங்கல் ஜல்லி, அதன் கீழே மண். மண்ணைக் கையால் வழித்தபோது ஜகதிக்கு மேல் வரும் குமுதம் என்ற கல்வரிசையின் உருண்ட வளைவு விரலில் பட்டது. ஈரத்துணியால் துடைத்தால் வரிசையாகத் தமிழ் எழுத்து! அதில் பாதி, சிமெண்ட் பாலோடு ஒட்டிப் பெயர்ந்திருந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

அதிட்டானம் என்பது வெறும் மேடை இல்லை, அந்த ஊரின் ஆவணம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1010இல் கலசம் வைத்த ராஜராஜன், தான் கொடுத்ததையும், தமக்கையும் தேவியரும் மற்றவர்களும் கொடுத்ததையும் கல்லிலேயே வெட்டச் சொன்னான். அந்த எழுத்துகளை இன்றும் விமானத்தின் அடிப்பகுதியில் நின்று படிக்கலாம். நம் ஊர்க் கோயிலிலும் நிலக்கொடை, விளக்கு நெய்க்காக விட்ட ஆடு, நீர்ப்பங்கு எல்லாம் ஜகதியிலும் குமுதத்திலும் அதிட்டானத்தின் மேல் வரிசையான பட்டிகையிலும்தான் இருக்கும். குமுதம் உருளையா முப்பட்டையா என்பதுகூடக் கட்டிய காலத்தைக் கணிக்க உதவும்.

அடுத்தது ஈரம். பல கற்சுவர்களுக்கு உள்ளும் புறமும்தான் கல். நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நிரப்பியிருப்பார்கள். தரை திறந்திருந்தால் அடியிலுள்ள ஈரம் ஆவியாகிவிடும். மேலே கான்கிரீட் மூடினால் அது சுவர் வழியாகத்தான் ஏற வேண்டும். உப்பையும் தூக்கிக்கொண்டு ஏறும். உப்பு பூத்த இடத்தில் கல்லின் மேல்தோல் செதில் செதிலாக உதிரும். கல்லிடுக்கில் சிமெண்ட் பூசியிருந்தால் சிக்கல் இன்னும் கூடும். பிராகாரம் உயர்ந்து கருவறை பள்ளமாகிவிட்டால் மழைநீர் சுவாமி இருக்கும் பக்கமே ஓடும். “இது பள்ளத்துக் கோயில்ங்க” என்று பெருமையாகச் சொல்வார்கள். பல ஊர்களில் அந்தப் பள்ளத்தை உண்டாக்கியது நாம்தான்.

உங்கள் கோயிலில் நீங்களே பார்க்கலாம். கிழக்கு நோக்கிய சன்னதி என்றால் வடபுறம் அபிஷேக நீர் வெளியே விழும் கோமுகம் இருக்கும். அதன் கீழே ஒரு குடம் வைக்க இடமில்லாமல் தரையோடு ஒட்டியிருந்தால் பெரும்பாலும் தளம் ஏறியிருக்கிறது.

திருப்பணிக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: பழைய தளத்தின் மட்டம் எடுத்தீர்களா? கல்வெட்டுகளைப் படம் எடுத்துப் படியெடுத்தாயிற்றா? பெயர்த்துவிட்டுப் போடுகிறீர்களா, மேலேயே போடுகிறீர்களா? கான்கிரீட் இல்லாமல், மணல் விரித்துக் கருங்கல் பாவி, இடுக்குக்குச் சுண்ணாம்புச் சாந்து இட்டால் போதும். வழுவழுப்பு வேண்டாம், மழையில் பிரதட்சிணம் வரும் வயதானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். உபயம் செய்பவரிடமும் பேசிப் பாருங்கள். பழைய தளத்தைப் பெயர்த்து அதிட்டானத்தை வெளியே கொண்டுவரும் செலவும் உபயம்தான் என்று சொன்னபோது, மகிழ்ந்து ஒப்புக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.