பார்ஜ் எவ்ளோ பெருசுன்னு கேக்காதீங்க, தண்ணி எவ்ளோன்னு கேளுங்க

குன்னூர்ல லாரி புக்கிங், கன்டெய்னர் புக்கிங்னு 20 வருஷத்துக்கு மேல ஓட்டிட்டிருக்கேன். இங்க சரக்குப் படகு போற ஆறே கிடையாது (ஊட்டி லேக்க கணக்குல எடுக்காதீங்க), அப்புறம் எதுக்கு நீர்வழி சரக்கப் பத்தி எழுதுறேன்னு கேப்பீங்க. போன மாசம் கோத்தகிரி பக்கம் கேரட் போடுற ஒருத்தர் ஆபீஸ் வந்து, "அண்ணா, உரச் சாமானெல்லாம் படகுல போகுதாமே, லாரிய விட அது சீப்புதான, அப்புறம் ஏன் மூட்டை விலை இறங்க மாட்டேங்குது"ன்னாரு. நல்ல கேள்வி. டீ குடிச்சிட்டே சொல்ல ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஓடிடுச்சு.

அவர் கேட்டதுல விஷயம் இருக்கு. நம்ம ஆளுங்க கேரட்டுக்கும் டீக்கும் போடுற பாக்டம்பாஸ்னு ஒரு காம்ப்ளக்ஸ் உரம் இருக்கே, அதுக்கான மூலப்பொருள் ராக் பாஸ்பேட், சல்பர் எல்லாம் கொச்சி வெலிங்டன் தீவுல கப்பல்ல இருந்து இறங்கி, அங்கருந்து உர ஃபேக்டரிக்கு கால்வாய் வழியா பார்ஜ்ல (தட்டையான சரக்குப் படகு) போற வழக்கம் ரொம்ப காலமா உண்டு. உத்யோகமண்டல் கால்வாய் 23 கி.மீ., சம்பக்கரை கால்வாய் 14 கி.மீ., ரெண்டும் 1993ல தேசிய நீர்வழி 3ல சேர்த்தாங்க.

சீப்பா இருக்கறதுக்குக் காரணம் அளவுதான். அமெரிக்காவுல மிசிசிப்பில 15 பார்ஜ ஒண்ணா கட்டி ஒரே தள்ளுபடகு தள்ளிட்டுப் போகும், மொத்தம் 22,500 டன், லாரில ஏத்துனா ஏறக்குறைய 1,050 லாரி. குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு, அதுல ஒரு லாரி மக்கர் பண்ணி நின்னாலே நமக்கு அன்னைக்கு பொழப்பு போச்சு, இதுல 1,050 லாரிய நெனச்சுப் பாருங்க.

ஆனா சிக்கல் ஆழத்துல இருக்கு. லாரிக்கு 16 டன் பாஸிங்னா (அனுமதிச்ச லோடு) மழையோ வெயிலோ 16 டன்தான். பார்ஜுக்கு அப்டி கிடையாது, தண்ணி ஒரு அடி இறங்குனா ஒரு பார்ஜ்ல கிட்டத்தட்ட 190 டன் ஏத்த முடியாது, வழி குறுகிட்டா சேத்துக் கட்டற பார்ஜும் கம்மி, ஆனா டீசலும் ஆள் கூலியும் பெருசா குறையாது, அதனால டன் ரேட் எகிறிடும். 2022 அக்டோபர்லயும் 2023 அக்டோபர்லயும் மிசிசிப்பி கரைல இருக்கற மெம்ஃபிஸ் ஊர்ல தண்ணி மட்டம் அதுவரைக்கும் பார்க்காத அளவுக்கு இறங்குச்சு, அதுவும் சோயா அறுவடை நேரத்துல, கீழ போற தானியமும் மாட்டுச்சு, மேல வர்ற உரமும் மாட்டுச்சு.

ஜெர்மனில ரைன் ஆத்துல கௌப்னு ஒரு இடத்துல அளவுகோல் வெச்சிருக்காங்க, 2018 அக்டோபர்ல அது 25 செ.மீ. காட்டுச்சு. இத நியூஸ்ல பாத்துட்டு முழங்கால் அளவுகூட தண்ணி இல்லன்னு நெனச்சுடாதீங்க, நானே ஒரு தடவ அப்டி ஏமாந்திருக்கேன். படகு போற வழியோட ஆழம் வேணும்னா அந்த அளவோட சுமார் 1.1 மீட்டர் கூட்டிக்கணும். அந்தக் கோல் எவ்ளோ காட்டுதோ அதுக்குத் தகுந்தாப்ல எக்ஸ்ட்ரா வாடகை எவ்ளோன்னு அங்க ஒப்பந்தத்துலயே அட்டவணை போட்டு வெச்சிருக்காங்க.

நமக்கு மழை பெஞ்சா பர்லியார்ல மண்ணு சரிஞ்சு ரோடு மூடுது, அவங்களுக்கு மழை பெய்யலன்னா மூடுது, அவ்ளோதான் வித்தியாசம்.

சரக்கும் மாறிட்டே வருது. அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் நிலக்கரி மின் நிலையங்கள மூட மூட அந்த லோடு குறையுது. உக்ரைன் போர் வந்தப்போ அங்கத்த தானியமெல்லாம் டான்யூப் ஆத்துல இஸ்மாயில் துறைமுகம் வழியா திரும்புச்சு, கடல் வழி திறந்ததும் மறுபடி ஒடெசா கடல் துறைமுகத்துக்கே போயிடுச்சு. நம்ம நாட்டுல 2013-14ல தேசிய நீர்வழில 1.81 கோடி டன், 2024-25ல 14.55 கோடி டன். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிலக்கரி, இரும்புத் தாது, மணல், சாம்பல். இப்டி ஒரே சரக்க நம்புனா என்ன ஆகும்னு கோவால பாத்தாச்சு, 2012ல சுரங்கத்த நிறுத்துனதும் மாண்டோவி, சுவாரி ஆத்துல ஓடுன பார்ஜெல்லாம் சும்மா நின்னுச்சு. ரிட்டர்ன் லோடு இல்லாத வண்டி என்ன பாடுபடும்னு நமக்குத் தெரியாதா. கங்கைலயும் பிரம்மபுத்திராலயும் நீர்வழிக்கு மாறுற சரக்குக்கு ஓட்டற செலவுல 35% வரைக்கும் அரசு திருப்பித் தர்ற திட்டம் 2024 டிசம்பர்ல வந்துச்சு, அந்தப் பணம் நின்னதுக்கப்புறமும் லோடு வந்துட்டே இருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

மொத்தமா சரக்கு வாங்குறவங்க கொட்டேஷன்ல மூணு விஷயம் கேட்டுக்கோங்க: எவ்ளோ ஆழத்த வெச்சு ரேட் போட்டீங்க, தண்ணி குறைஞ்சா எக்ஸ்ட்ரா யார் தலைல, ரோட்ல மாத்தி விட்டா வித்தியாசம் யார் தர்றது. இந்தக் கடைசிக் கேள்விய கேக்காம ஒரு தடவ நான் கைக்காசு போட்டு சரிக்கட்டியிருக்கேன்.

கேரட்காரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: யூரியா 45 கிலோ மூட்டைக்கு வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சும் சேர்க்காம 242 ரூபான்னு அரசு கட்டி வெச்சிருக்கு, படகுல வந்தாலும் ஏரோப்ளேன்ல வந்தாலும் உங்களுக்கு அதே விலை. பாக்டம்பாஸ் மாதிரி காம்ப்ளக்ஸ் உரத்துல வெளிநாட்டு மூலப்பொருள் விலைதான் ஆட்டி வைக்குது, கால்வாய்ல மிச்சமாகற காசு உங்க பில்லுல தனியா தெரியாது. அதுக்கப்புறம் மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரிக்கு எப்பவும் என் லாரிதான். "அப்போ அந்த வாடகையவாச்சும் கொறைங்கண்ணா"ன்னாரு. மூட்டைக்கு ரெண்டு ரூபா கொறச்சேன்.