அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

வாடகைத் தகராறுகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். கல்லூரி ஆண்டு முடியும் மாதங்களில் என்னைத் தேடி வருபவர்களில் பாதிப்பேர் மாணவர்கள். அறையைக் காலி செய்தாயிற்று, அட்வான்ஸ் வரவில்லை என்பார்கள்.

அப்படி வந்த ஒரு தம்பிக்கு அட்வான்ஸில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டார்கள். ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறி, பெயின்ட் உப்பி உதிர்ந்திருந்ததாம். "நான் வரும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு" என்றார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வெளியிலிருந்து நீர் கசிந்து ஊறும் சுவருக்கு உள்ளே படித்துக்கொண்டிருந்தவர் என்ன செய்வார்? ஆனால் கையில் ஒரு படம்கூட இல்லை. அதே வீட்டில் இன்னொரு அறையில் இருந்தவர், பெட்டியை இறக்குவதற்கு முன்பே சுவர், குழாய், தாழ்ப்பாள், மின்மீட்டரில் ஓடிய எண் என்று எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, அன்றைக்கே உரிமையாளருக்கு அனுப்பியிருந்தார். அவரிடம் யாரும் எதையும் பிடிக்கவில்லை. படத்தை அனுப்பிவிட்டால் தேதியோடு சான்று எதிர்த்தரப்பின் போனிலேயே உட்கார்ந்துவிடும். பத்து நிமிட வேலைதான். தயவுசெய்து செய்யுங்கள்.

நாளாக நாளாகப் பெயின்ட் மங்குவது இயல்பான தேய்மானம். ஆணியடித்துச் சுவரைப் பெயர்ப்பது சேதம். இந்த இரண்டையும் பிரித்து ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

வாடகை குறைவு என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கல்லூரி 10 மாதம்தான் நடக்கும், ஒப்பந்தமோ 12 மாதத்துக்கு என்றால், தங்கும் மாதக் கணக்கில் உங்கள் வாடகை 20 சதவீதம் கூடிவிடுகிறது. மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு எல்லாம் வாடகைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். தூரத்துக்கும் விலை உண்டு: போக 40 நிமிடம், வர 40 நிமிடம் என்றால், வாரம் 6 நாளில் 8 மணி நேரம் வண்டியிலேயே கழியும்.

நண்பர்கள் சேர்ந்து வீடு எடுப்பது மலிவுதான். ஆனால் எல்லோரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், பெரும்பாலும் ஒருவர் பாதியில் கிளம்பினாலும் அவர் பங்கு மற்றவர்கள் தலையில்தான் விழும். நான்கு பேரில் ஒருவர் போனால், மீதி மூவரின் பங்கும் மூன்றில் ஒரு பங்கு ஏறும். நட்பு முறிந்து என் மேசைக்கு முன்னால் எதிரெதிராக உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் கனத்துப்போகும். யார் போனாலும் மாற்று ஆள் பிடிப்பது யார் பொறுப்பு என்று குடிபோகும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. குளியலறைக்குள்ளேயே கேஸ் ஹீட்டர் இருந்து, புகை வெளியேறக் குழாய் இல்லையென்றால், அந்த அறை இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கேஸ் சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. மூச்சில் ஏறுவதே தெரியாமல் ஆளை மயக்கிவிடும்.

வீட்டைப் பார்க்காமல், சாவி வைத்திருப்பவரைச் சந்திக்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். "இன்னும் நாலு பேர் கேட்கிறாங்க, இப்பவே போடுங்க" என்று அவசரப்படுத்தினால் விலகிவிடுவதே நல்லது. பகலில் பார்த்த வீட்டுக்கு இரவு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் மாணவரைத் தனியாகப் பிடித்து இதைக் கேளுங்கள்: "இதுக்கு முன்னாடி காலி பண்ணிப் போனவங்களுக்கு அட்வான்ஸ் திரும்ப வந்துச்சா?"