பர்ஸ்ட்: வெடிப்பு அன்று, அலைக்கொத்து

சோதனைக்கான மின்னலைகளை உருவாக்கும் கருவியான அலைவடிவ ஜெனரேட்டரின் முகப்பில் மாடுலேஷன், பர்ஸ்ட் என்ற பொத்தான்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும். சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வுக்கூடங்களில் தமிழ் மாணவர்களும் இந்தப் பெயர்களையே சொல்லிப் பழகியிருக்கிறார்கள்.

முதலாவதற்கு நல்ல தமிழ்ச்சொல் பாடநூல்களில் நிலைத்துவிட்டது: பண்பேற்றம். லத்தீனில் ‘மோடுஸ்’ என்றால் அளவு. மாடுலேஷன் அதன் வழி வந்தது. ஊர்தி அலையின் (சைகையைச் சுமந்து செல்லும் அலை) வீச்சு, அதிர்வெண், கட்டம் ஆகிய பண்புகளில் ஒன்றின் மேல் இன்னொரு சைகையை ஏற்றுகிறோம். தமிழ்ச்சொல் அந்தச் செயலையே சொல்லிவிடுகிறது.

பர்ஸ்ட்டில்தான் சிக்கல். பழைய ஆங்கிலத்தில் ‘பெர்ஸ்டன்’ என்றால் திடீரென உடைதல். அதைப் பார்த்து ‘வெடிப்பு’ என்று எழுதினால் தவறான படம் மனத்தில் விழும். கருவி, நாம் கேட்ட எண்ணிக்கையில் முழுச் சுற்றுகளை வெளியிட்டு நின்றுவிடுகிறது. எண்ணிக் கட்டியது என்பது தெரிய, அலைக்கொத்து என்பதே பொருத்தம். சதுர அலையால் 100 சதவீத வீச்சுப் பண்பேற்றம் செய்தாலும், அலையைப் படமாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் திரையில் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும்; ஆனால் இரண்டு அலைகளும் ஒத்து ஓடாதபோது சுற்று பாதியிலேயே வெட்டுப்படும். கொத்தில் அது நேராது.

மீயொலித் தொலைவுமானியைச் சோதிக்க 40 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை, 8 சுற்று, கொத்துக் காலம் (ஒரு கொத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை) 50 மில்லிநொடி என்று வையுங்கள். கொத்தின் நீளம் 200 மைக்ரோநொடி. நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 4 மீட்டர் தள்ளியுள்ள சுவரின் எதிரொலி ஏறத்தாழ 23 மில்லிநொடியில் திரும்பும். காலத்தை 15 மில்லிநொடியாகக் குறைத்தால் பழைய எதிரொலி அடுத்த கொத்தின் கணக்கில் சேர்ந்து, சுவர் 1.4 மீட்டரில் இருப்பதாகக் காட்டும்.

தொடக்கக் கட்டத்தையும், அதாவது அலை தன் சுற்றின் எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்பதையும், கவனியுங்கள். 90 டிகிரி வைத்தால் பல கருவிகளில் கொத்துகளுக்கு நடுவே வெளியீடு உச்ச மின்னழுத்தத்திலேயே நிற்கும். ஒலிபெருக்கியை இணைத்திருந்தால் அதன் சுருள் வீணாகச் சூடாகும். 0 டிகிரியே நல்லது. ஆசிலாஸ்கோப்பில் படம் ஓடிக்கொண்டே இருந்தால், அது எட்டுச் சுற்றில் ஏதோ ஒன்றைப் பிடிக்கிறது என்று பொருள். ஜெனரேட்டரின் சிங்க் (sync, ஒத்திசைவு) வெளியீட்டிலிருந்து டிரிகர் (படம் தொடங்க வேண்டிய கணத்தைச் சொல்லும் சைகை) கொடுங்கள்.

கேட்டட் பர்ஸ்ட்டை வாயில்வழிக் கொத்து எனலாம். வெளிச் சைகை வாயிலைத் திறந்து வைத்திருக்கும்வரை அலை வரும். மூடியதும், நடக்கும் சுற்றை முடித்துவிட்டு நிற்கும். அங்கே நீங்கள் கொடுத்த 8 என்ற எண்ணிக்கை செல்லாது.