அவளுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே!

ஆஸ்திரேலியாவில் எங்கள் குழந்தைநலக் கிளினிக்கில் புதுத் தாய் வந்து உட்கார்ந்ததும் நாங்கள் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று, ‘மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா?’ சேலத்திலிருந்தோ சூடானிலிருந்தோ வந்த பெண் ‘ஆமாம்’ என்றால் உடனே உஷாராகிவிடுவோம். வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள், அம்மா வந்திருக்கிறாரா, இந்த நாட்டுக்கு வந்து எவ்வளவு நாளாச்சு என்று வரிசையாக விசாரிப்போம். இங்கிலாந்தின் யார்க்ஷயரிலிருந்து வந்தவள் ‘வேண்டாம்’ என்று சிரிப்பாள். நாங்களும் சிரித்துவிட்டுக் குழந்தையை எடை போடப் போய்விடுவோம்.

பெர்த்துக்கு வடக்கே, ஜூண்டலப் பக்கம் குழந்தைநல நர்ஸாக இருக்கிறேன். பூங்காவில் நாயைக் கூப்பிடுகிற குரலை வைத்தே ஆள் லிவர்பூலா கிளாஸ்கோவா என்று சொல்லிவிடலாம், அவ்வளவு பிரிட்டிஷ்காரர்கள் இங்கே. நான் நாகர்கோவிலில் படித்து, இங்கிலாந்தில் லெஸ்டரில் ஆறு வருடம் வேலை பார்த்து, அப்புறம் இங்கே வந்தவள். அவர்கள் விட்டுவந்த ஊர் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும், என் முன்னால் உட்காருகிற பிரிட்டிஷ் அம்மாவும் ஊரைவிட்டு வந்தவள்தான், பச்சை உடம்போடு தனியாக இருக்கிறவள்தான் என்பது என் மண்டையில் ஏற இரண்டு மூன்று வருடம் ஆனது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில் தமிழ் நர்ஸுகளும் டாக்டர்களும் நிறையப் பேர் இருக்கிறோம். பள்ளிக்கூட வாசலில் இவர்களோடு சேர்ந்து பிள்ளைக்காகக் காத்து நிற்கிற தமிழ் அம்மாக்கள் அதைவிட நிறைய.

ஒருத்தியைச் சொல்கிறேன். பெயர் ஹானா என்று வைத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். மான்செஸ்டர்காரி. கணவர் எலக்ட்ரீஷியன், வடக்கே பில்பராவில் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் வேலை. விமானத்தில் போய் இரண்டு வாரம் சுரங்க முகாமில் தங்கல், திரும்பி வந்து ஒரு வாரம் வீடு. ‘ஃபைஃபோ’ என்பார்கள், பெர்த்தில் இது சர்வசாதாரணம். சம்பளம் நன்றாக இருக்கும். அதற்காகத்தானே கடல் தாண்டி வந்தது. ஆனால் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் அந்த வீட்டில் பெரிய ஆள் என்று இருப்பது அவள் ஒருத்திதான்.

எட்டாவது வாரப் பரிசோதனைக்கு வந்தாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. வழக்கம்போல எடின்பரோ அளவுகோல் தாளைக் கொடுத்தேன். பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்கக் கேட்கிற பத்துக் கேள்விகள். 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவானது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 30. பதின்மூன்றைத் தொட்டால் மேற்கொண்டு கவனித்தே ஆகவேண்டும். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிற எண்ணம் பற்றியது; அதில் பூஜ்யம் தவிர எது இருந்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து பேச வேண்டும். ஹானா ஒரே நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்தாள். மொத்தம் 4. ‘இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் இருந்துகொண்டு என்ன குறை சொல்வது?’ என்றாள். நானும் 4 என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அந்தக் ‘குறை சொல்வது’ காதில் விழுந்ததும் நான் கொஞ்சம் நிதானித்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியர்கள் பிரிட்டிஷ்காரர்களைப் ‘பொம்’ என்பார்கள். எதற்கெடுத்தாலும் மூக்கால் அழுகிறவர்கள் என்று கேலி பண்ண ‘விஞ்சிங் பொம்’. பாதி விளையாட்டுதான். ஆனால் வெயில் தாங்கவில்லை என்றாலும் சரி, ஜூலையில் வீட்டுக்குள் குளிர்கிறது என்றாலும் சரி, அந்தப் பட்டப்பெயர் வந்துவிடும். (பெர்த்தில் குளிரா என்று சிரிக்காதீர்கள். இங்கிலாந்து மாதிரி அறைக்கு அறை ரேடியேட்டர் இங்கே கிடையாது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் சோபாவில் உட்கார வேண்டும்.) நாலு தடவை அந்தக் கேலியைக் கேட்டவள் ஐந்தாம் தடவை வாயைத் திறக்க மாட்டாள். நம் பெண் அழுதால் ‘பாவம், ஊர் ஞாபகம்’ என்பார்கள். இவள் அழுதால் ‘ஆரம்பிச்சுட்டா’.

ஊரில் இருப்பவர்களிடமும் சொல்ல முடியாது. ‘கடற்கரை, நீச்சல் குளம், உனக்கென்ன!’ என்பார்கள் சிநேகிதிகள். அம்மாவுக்கோ, நீதானே போனாய் என்ற மனத்தாங்கல் உள்ளுக்குள் இருக்கும். அதனால் இங்கிருந்து போகிற படமெல்லாம் கடற்கரைப் படமாகவே இருக்கும்.

அம்மாவோடு பேசவே பேசாமல் இருக்கிறார்கள் என்பதில்லை, ஒரு வகையில் அதிகமாகவே பேசுகிறார்கள். பெர்த்தில் அதிகாலை மூன்று மணி என்றால் அங்கே முந்தின நாள் மாலை ஏழு, அங்கே கோடை என்றால் எட்டு. இங்கே குழந்தை பாலுக்கு எழும் நேரம், அங்கே பாட்டி வேலை முடிந்து சாப்பிட்டு சோபாவில் சாயும் நேரம். வீடியோவில் பேச்சு நீளும், தூக்கம் போகும். காலையில் அம்மாவும் பிள்ளையும் கண் திறக்கும்போது மணி பத்து. அதற்குள் அக்கம்பக்கத்து அம்மாக்கள் பூங்காவுக்குப் போய்விட்டு வீடு திரும்பியிருப்பார்கள், அதுவும் கோடையில் பத்து மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாது. இப்படியே ஒரு வருடம் இங்கிலாந்து நேரத்தில் வாழ்ந்த பெண்ணை எனக்குத் தெரியும்.

ஹானா விஷயத்திலும் அந்த மூன்று மணி ஃபோன்தான் வினையாகப் பார்த்தது. நாலாவது மாதத் தடுப்பூசி போட்ட ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல். அவள் அம்மா ஃபோனில், ‘கல்பால் இரண்டரை மில்லி கொடு, உனக்கும் அதைத்தான் கொடுத்தேன்’ என்றிருக்கிறார். கல்பால் நம் ஊரிலும் தெரிந்த பெயர்தான், பாராசிட்டமால். இங்கிலாந்துக் கைக்குழந்தை சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். ஆஸ்திரேலியக் கடையில் கல்பால் கிடையாது. ஹானா வாங்கி வைத்திருந்தது பனடால் சொட்டு மருந்து. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கானது, அதில் ஒரே மில்லிக்கு 100 மில்லிகிராம். இரண்டரை மில்லி என்றால் 250. ஆறு கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 90-ஐத் தாண்டக் கூடாது. பெட்டியோடு வந்த குட்டி சிரிஞ்சில் அவ்வளவு கொள்ளவில்லை என்பதால் பெரிய சிரிஞ்ச் தேடியிருக்கிறாள். தேடும்போதே ஏதோ உறுத்தி, ஹெல்த்டைரக்ட் எண்ணுக்கு (1800 022 222) அடித்திருக்கிறாள். அந்தப் பக்கம் நர்ஸ் தடுத்துவிட்டார். நம்மவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: ஊரிலிருந்து சூட்கேஸில் வந்த சிரப்பும் இங்கே வாங்கின மருந்தும் ஒரே பெயராக இருந்தாலும் மில்லி கணக்கை நம்பாதீர்கள், ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று லேபிளில் பாருங்கள். தவறிக் கொடுத்துவிட்டால் 13 11 26, விஷமுறிவுத் தகவல் மையம், எந்நேரமும் எடுப்பார்கள்.

மறுநாள் அவளாகவே கிளினிக்குக்கு வந்தாள். மருந்துக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் வேறொன்றுக்குத் தாவினாள். ஆஸ்திரேலியக் கடைகளில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு விற்கிற பகுதிக்கு ‘மான்செஸ்டர்’ என்று பெயர். பருத்தித் துணி அந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்த காலத்தில் ஒட்டிக்கொண்டது. குழந்தைக்கு ஆறு வாரம் இருக்கும்போது தள்ளுவண்டியோடு கடைக்குப் போனவள், தலைக்கு மேலே தன் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். அடுக்கியிருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். ‘கடைப்பெண் வந்து, எந்த சைஸ் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள்’ என்று சொல்லிச் சிரித்தாள். ஆறாம் வாரம் துண்டில் முகம் புதைத்தவள்தான் எட்டாம் வாரம் என்னிடம் 4 போட்டுக் கொடுத்தாள்.

அதன் பிறகு தாளை நீட்டுவதற்கு முன்னால் வேறு சிலதைக் கேட்கப் பழகிக்கொண்டேன். வளர்ந்த ஆள் ஒருவரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து கடைசியாகப் பேசியது எப்போது? கணவருக்கு எந்த ரோஸ்டர், அதாவது எத்தனை வாரம் வேலை, எத்தனை வாரம் வீடு? அம்மா வந்துவிட்டுப் போய் எத்தனை நாள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். பாட்டி வந்து ஆறு வாரம் இருப்பார், வீடு கலகலப்பாக இருக்கும், எல்லாரும் ‘நன்றாக இருக்கிறாள்’ என்பார்கள். விமான நிலையத்தில் கையசைத்துவிட்டு வந்த பிறகு வரும் இரண்டு வாரம்தான், நான் பார்த்தவரை, மோசமானது. குடும்ப மருத்துவரிடம் போனால் மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதித் தருவார். மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) உள்ளவர்களுக்கு வருடத்துக்குப் பத்து முறை உளவியலாளரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்கலாம். பாண்டா என்கிற பேறுகால மனநல உதவி எண் 1300 726 306.

இன்னொரு ஓட்டை எங்கள் ஏற்பாட்டிலேயே இருக்கிறது. புதுத் தாய்மார் குழுக்கள் பெரும்பாலும் தலைச்சன் பிள்ளைக்காரிகளுக்குத்தான். முதல் பிள்ளையை இங்கிலாந்தில் பெற்று, அங்கே சிநேகிதிகளைச் சேர்த்து, இரண்டாவதை வயிற்றில் சுமந்தபடி வந்திறங்குகிறவளுக்கு ‘உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கிறதே’ என்று சொல்லிவிடுவார்கள். அனுபவம் இருக்கிறது. ஆள்தான் இல்லை.

பாட்டியை இங்கேயே கூட்டிவந்துவிடலாமே என்றால், வந்து பார்த்துவிட்டுப் போவது அவர்களுக்குச் சுலபம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு இ-விசிட்டர் விசா இலவசம், ஒரு தடவைக்கு மூன்று மாதம் தங்கலாம். நம் பெற்றோருக்கு விசா வாங்குகிற பாடு அவர்களுக்கு இல்லை. நிரந்தரமாக என்றால் அவர்களும் நாமும் ஒரே வரிசை. பணம் கட்டும் பெற்றோர் விசாவுக்கு ஆளுக்கு 45,000 டாலருக்கு மேல், அதற்கே பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பணம் குறைவான வகையில் முப்பது ஆண்டு ஆகலாம் என்று குடிவரவுத் துறையே சொல்கிறது. இன்னொரு கொடுமை உண்டு: பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் குடியேறினால் தொகை அப்படியே உறைந்துவிடும். அங்கே இருப்பவர்களுக்கு ஏப்ரல்தோறும் ஏறும், அமெரிக்காவுக்குப் போனாலும் ஏறும், இங்கே ஏறாது. இந்தச் சண்டையில்தான் 2001-இல் இரு நாடுகளுக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை ஆஸ்திரேலியா முறித்துக்கொண்டது.

தடுப்பூசி பற்றிச் சுருக்கமாக. குழந்தையின் உடல்நலக் குறிப்புக்கு இங்கிலாந்தில் சிவப்புப் புத்தகம், மேற்கு ஆஸ்திரேலியாவில் ஊதாப் புத்தகம். இரண்டின் அட்டவணையும் ஒன்றல்ல. அங்கே 8, 12, 16 வாரம். இங்கே ஆறு முதல் எட்டு வாரத்துக்குள், அப்புறம் 4, 6 மாதம். சின்னம்மை ஊசி இங்கே பதினெட்டு மாதத்தில் உண்டு, அங்கே வெகுகாலம் அட்டவணையிலேயே இல்லாமல் இருந்தது. சிவப்புப் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். அதிலுள்ளதை இங்கத்து தேசியப் பதிவேட்டில் ஏற்றி, விட்டுப்போனதைப் போட்டால்தான் குழந்தைக் காப்பகச் சலுகை கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, நர்ஸ் பேச வேண்டிய விஷயமில்லைதான். போன வருடம் ஒரு பெண், கணவரோடு பிரிவு. ‘சரி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறேன், வெள்ளிக்கிழமை டிக்கெட்’ என்றாள். யாருக்கும் தோன்றுவதுதான், தாய்வீடு. ஆனால் பிள்ளைகள் வளர்வது ஆஸ்திரேலியாவில் என்றால், தகப்பன் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் கொண்டுபோவது 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தப்படி குழந்தைக் கடத்தல். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அதில் இருக்கின்றன. தகப்பன் விண்ணப்பித்தால், பெரும்பாலும் அங்கத்து நீதிமன்றமே பிள்ளைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிடும். பிள்ளைகள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பது கணக்கில் வராது. இந்த ஒப்பந்தத்தில் இலங்கை உண்டு, இந்தியா இல்லை. அதற்காக நம்மவர்களுக்கு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. பிரிந்தபின் பிள்ளையோடு மும்பைக்குத் திரும்ப அனுமதி கேட்ட இந்தியத் தாயின் வழக்கு 2002-இல் இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமைக்கு முன் லீகல் எய்டில் (அரசுச் சட்ட உதவி) ஒரு வக்கீலைப் பாருங்கள். பார்த்தாள். டிக்கெட்டை ரத்து செய்தாள். இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறாள், முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன்.

ஹானாவை வியாழக்கிழமை விளையாட்டுக் குழு ஒன்றில் சேர்த்துவிட்டேன். அங்கே தேநீர் போடும் பாட்டி 1960-களில், பிரிட்டிஷ்காரர்களைக் குடியேற்ற ஆஸ்திரேலியா நடத்திய பத்துப் பவுண்டுத் திட்டத்தில் கப்பலேறி வந்தவர். பெரியவர்களுக்குப் பத்துப் பவுண்டு, பிள்ளைகளுக்கு இலவசம். இரண்டு வருடத்துக்குள் திரும்பினால் முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். (அந்த நாளில் நம் நிறத்துக்கு இங்கே இடமில்லை, அது தனிக் கதை.) அப்படி வந்தவர்களில் கால்வாசிப் பேர் திரும்பிப் போனார்கள். பாட்டியும் ஒரு தடவை போய், இரண்டே குளிர்காலத்தில் மறுபடி வந்தவராம். அதை ஹானாவிடம் அலட்டிக்கொள்ளாமல் சொல்லியிருக்கிறார், பிஸ்கட் டப்பாவை நீட்டிக்கொண்டே.

பன்னிரண்டாம் மாதப் பரிசோதனைக்கு வந்தபோது தாளைக் கொடுத்தேன். இந்தத் தடவை அவள் நிரப்பி முடிக்க ஏழெட்டு நிமிடம் ஆனது. நடுவில் ஒரு கேள்வியில் பேனாவை வைத்துவிட்டுக் குழந்தையின் காலுறையைச் சரி செய்தாள், மறுபடி எடுத்தாள். கூட்டிப் பார்த்தேன், 9.

‘கூடியிருக்கிறதா?’ என்று கேட்டாள்.

‘கூடித்தான் இருக்கிறது’ என்றேன்.

‘போன தடவை சும்மா போட்டேன்.’